ஓவர்சியருக்காக மூடிய குழிகள்

கருவம்பதி,
14-10-1974

அன்புள்ள கமலாத்தாளுக்கு,

நீயும் உன் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டிக்கொண்டு அம்மா எழுதுவது.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, பால்கூடக் கறக்காமல், ஒரு கோலை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பாலம் வரை நடந்தேன். பாலத்தடிக் குழியில் கோலை விட்டுப் பார்த்தேன். முழங்கால் ஆழம். போன வாரம் உன் அப்பா கொட்டிய மண்ணில் ஒரு கூடைகூட மிச்சமில்லை.

உன் கால் வீக்கம் குறைந்ததா? உப்பைக் குறைத்துக்கொள். மாப்பிள்ளை ஊறுகாயை ஒளித்துக் கொண்டுவந்து கொடுக்கிறார் என்று உன் மாமியார் எழுதியிருந்தார். அவருக்கு என் அன்பைச் சொல். ஊறுகாயை நிறுத்தச் சொல்.

ஐப்பசி பத்தாம் தேதி கட்டுச்சோறு கொண்டுவந்து, தலைப்பிரசவத்துக்கு உன்னை இங்கே அழைத்துவருவதாகப் பேச்சு. ஈரோட்டிலிருந்து மெயின் ரோடு வரை கார் வந்துவிடும். அங்கிருந்து நம் வீட்டுக்கு ஒன்றரை மைல். இப்போது எந்தக் கார்க்காரனும் அதில் வருவதில்லை. வலி கண்ட பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் அதே ஒன்றரை மைல், அதே மாட்டுவண்டி. அதனால்தான் ஆடியிலிருந்து பஞ்சாயத்துக்கு மனு எழுதுகிறேன்.

முதல் மனு தமிழில். எல்லைக்கு இந்தப் பக்கம் ஆபீஸ் பாஷை மலையாளம்தானே. கிளார்க் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவதை மலையாளத்தில் எழுதினேன். கல்லூரியில் படித்த மலையாளம் இத்தனை வருஷம் கழித்துக் குழிகளை எண்ணத்தான் உதவியது. அதற்கும் பதில் இல்லை. ஆவணியில் பிரசவ வலி கண்ட மருதாத்தாளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன வண்டி பாலத்தடிக் குழியில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. வேறு யாராவது உனக்குச் சொல்வதற்குள் நானே சொல்கிறேன். அவள் தேறிவிட்டாள், களையெடுக்க வருகிறாள். அதற்கு மேல் உனக்கு எழுதமாட்டேன். மறுநாளே மூன்றாவது மனுவை எழுதி, முப்பத்தொரு பேரிடம் கையெழுத்தும் ரேகையும் வாங்கி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன்.

அதற்குப் பதில் வந்தது. செவ்வாய்க்கிழமை ஓவர்சியர் நேரில் வந்து பார்வையிடுவார் என்று ஒரு கார்டு. அதை ஊரில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கொஞ்சம் பெருமையாகத்தான் படித்தேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் உன் அப்பாவும் பக்கத்துத் தோட்டத்துப் பொங்கியண்ணப் பெரியப்பாவும் ஏழெட்டு ஆட்களோடு கூடையும் மண்வெட்டியுமாகக் கிளம்பினார்கள். எங்கே என்று கேட்டேன். "ஏம்புள்ள, நம்மூருக்கு மொதமொதல்ல வர்ற ஆபீசரு. அவரு ஜீப்பு குழீல உழுந்து எந்திரிச்சா நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு?" என்றார் உன் அப்பா. சாயங்காலத்துக்குள் எல்லாக் குழியையும் செம்மண் போட்டு மூடி, தண்ணீர் தெளித்து இடித்து, மேலே மணலும் தூவிவிட்டார்கள்.

கமலா, நான் தடுத்திருக்கலாம். மனு எழுதியவள் நான்தானே. அந்த மண்ணைப் பார்த்தபோது எனக்கும் அழகாகத்தான் இருந்தது. வருகிறவர் நம் ஊரை அசிங்கமாகப் பார்க்கக் கூடாது என்ற எண்ணம் எனக்குள்ளும் இருந்திருக்கிறது. உள்ளே போய்ப் பணியாரத்துக்கு மாவு அரைத்தேன்.

ஓவர்சியரின் ஜீப் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றது. நல்ல மனுஷர். இளநீர் குடித்தார், பணியாரம் சாப்பிட்டார், பிறகு குழிகள் எங்கே என்று கேட்டார். பொங்கியண்ணப் பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு, "சார் வர்றீங்கன்னு எல்லாத்தையும் நாங்களே மூடிப்போட்டமுங்க" என்றார். ஓவர்சியர் சிரித்துவிட்டார். "அப்போ பின்னே பஞ்சாயத்து எதுக்கு? நீங்களே நல்லா செய்யுறீங்களே" என்றார். நான் போய் மலையாளத்தில் எல்லாவற்றையும் விளக்கினேன். கவனமாகக் கேட்டார். கண்ணால் கண்டதைத்தானே எழுத முடியும் அம்மா என்று சொல்லி, என் எதிரிலேயே எழுதினார்: சாலை போக்குவரத்துக்கு ஏற்ற நிலையில் உள்ளது. இனி அடுத்த மார்ச்சுக்குப் பிறகு எழுதிப் பார்க்க வேண்டுமாம்.

வியாழக்கிழமை மழை வந்தது. அவ்வளவுதான்.

அன்றிலிருந்து உன் அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. தோட்ட வேலை முடிந்ததும் தனியாகக் கூடையை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போகிறார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். "கட்டுச்சோத்துக்குள்ளார செரி பண்டிப்போடலாம்" என்கிறார். வண்டியில் வைக்கோலை இரண்டு மடங்கு பரப்பி, மேலே மெத்தை போட்டு, மாட்டைத் தானே பிடித்துக்கொண்டு நடப்பாராம். நான் சரி சரி என்று கேட்டுக்கொள்கிறேன். கோபிக்க மனம் வரவில்லை. நீ வரும் வழி என்று அவருக்கு எண்ணம்.

ஆனால் இன்று காலை அந்தக் குழியருகே நின்றபோது நான் ஒன்றை முடிவு செய்துவிட்டேன். இன்னும் உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. பத்தாம் தேதி கட்டுச்சோறு கொண்டுவருவோம், எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம். உன்னை அழைத்துக்கொண்டு திரும்பமாட்டேன். ஈரோட்டில் ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவில் இருக்கிறது, அங்கேயே பிறக்கட்டும். பெண்ணை அழைத்துப்போக வக்கில்லாதவர்கள் என்று நாலு பேர் சொல்வார்கள். உன் மாமியாருக்கும் வருத்தமாக இருக்கும். அவரிடம் நீ ஒன்றும் பேச வேண்டாம், நானே வந்து கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைக்கு மாதம் ஒன்று ஆகும்வரை அம்மா உன்னோடுதான் இருப்பேன். நீ படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு பாய் விரிக்க இடம் மட்டும் பார்த்து வை.

என்றும் உன் நலமே கேட்டிருக்கும்
அம்மா,
பொன்னாத்தாள்