எலின் துரைசாணியின் கப்பலில் நம்ம சின்னத்தம்பி

போட்டாதாங், யாங்கோன்

அன்பு மகள் சாந்தகுமாரிக்கு அம்மா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமா இருக்கோம், அந்தக் குளிரில் நீயும் சுகமா இருக்கணும்னு விளக்கேத்தும்போதெல்லாம் வேண்டிக்கிறேன். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, படகுத்துறை வேலைக்குப் போய் வர்றார். கரண்டுதான் அது இஷ்டத்துக்கு வருது, போகுது.

நீ போன்ல சொன்னதிலிருந்து எனக்கு மனசே ஆறலை. நீ நர்ஸா இருக்கிற அந்த வேல்ஸ் கடற்கரை ஊர்ல பாய்க்கப்பல் மாலுமிகளைப் பத்திக் கண்காட்சி வச்சிருக்காங்க, புருஷன் இங்கே நம்ம ரங்கூன்ல செத்ததும் எலின்னு ஒரு கேப்டன் மனைவியே கப்பலை ஊர் கொண்டுவந்து சேர்த்தாள்னு படத்துக்குக் கீழே எழுதியிருக்கு, அந்தக் கப்பல்ல எங்க முன்னோர் ஒருத்தரும் வந்தார்னு நீ சொன்னதுக்கு அங்கே பொறுப்பா இருந்தவர் சிரிச்சுக்கிட்டே, உங்க ஆளுங்க அரிசி மூட்டைதானே ஏத்தினாங்கன்னாராம். நீயும் வாயை மூடிக்கிட்டு வந்துட்டே. ஏம்மா?

நடந்ததை முழுசாக் கேளு. அப்பாவோட கொள்ளுத்தாத்தா சின்னத்தம்பி நாகப்பட்டினத்துலேருந்து இங்கே பிழைக்க வந்த தோணிக்காரர். அந்தக் கப்பல் அரிசி ஏத்த இங்கே வந்து நின்னப்ப காலரா புகுந்துடுச்சு, கேப்டன் போயிட்டார், மாலுமிகள்ல பாதிப்பேர் போயிட்டாங்க. ஆத்துல ஒரு படகும் கிட்டே போகலை. கப்பலை வித்துட்டு ஊர் போய்ச் சேருன்னு ஏஜெண்டு சொன்னதுக்கு எலின் துரைசாணி கைக்குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு, இது எங்க ஊரே பங்கு போட்டுக் கட்டின கப்பல், விக்க நான் யாருன்னு கேட்டாளாம். அதைக் கேட்டுத்தான் சின்னத்தம்பி நான் வர்றேன்னு முன்னால வந்தார், அவர் பின்னால நம்மாளுங்க சிலபேரும். சூரியனை அளந்து வழி சொன்னது அவள், பாயைப் பார்த்துக்கிட்டது இவர். நடுக்கடல் புயல்ல மேல்பாய் கிழிஞ்சு அடிச்சப்ப, இறங்குன்னு அவள் கத்தக் கத்த இறங்காம அதை வெட்டிவிட்டார், கையில ரெண்டு விரல் அதோட போச்சு. அவள் ஊர் கண்ணுல பட்டதும் துரைசாணி அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாளாம். குளிர்காலம் முழுக்க அவங்க வீட்டுலதான் இருந்துட்டு வேற கப்பல்ல திரும்பினார்.

மிங்கலாடோன்ல இருந்து வந்த உன் பெரியப்பா, விசாவுல இருக்கிற பிள்ளைக்கு வம்பு எதுக்குன்னார். உண்மையைச் சொல்றதுக்கு விசா வேண்டாம்னு நேராவே சொல்லிட்டேன். அப்பா இன்னொரு டீ கேட்டு வாங்கிக் குடிச்சார்.

திரும்பவும் போ. சேலை கட்டிக்கிட்டுப் போ, மேலே ஸ்வெட்டர் போட்டுக்கோ. அந்தத் துரைசாணியைக் குறைச்சுப் பேசாதே, அவள் பெரிய மனுஷி. அவள் பேருக்குப் பக்கத்துலேயே இவர் பேரையும் எழுதச் சொல்லு. மாட்டேன்னா மறுநாளும் போய் நில்லு.

இரும்பு மாத்திரையை விட்டுடாதே. அம்மன் உன் கூடவே இருப்பாள், எங்க ரெண்டு பேர் ஆசீர்வாதமும் உண்டு. சின்னத்தம்பிங்கிற பேரு அவங்க வாயில நுழையலேன்னா, நுழையற வரைக்கும் சொல்லிக்கொடு.

உன் அம்மா,
அம்சவேணி தேவராஜ்