சோழர் குகையில் சுட்ட மீன்

செவ்வாய் இரவு, சிம்பாங் ரெங்கம்

இன்றைக்கு அண்ணன் வாயை அடைத்துவிட்டேன். சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

ஒரு வாரமாகக் குடும்ப வாட்ஸப் குழுவில் அண்ணன் போட்ட ஒரே வீடியோதான் பேச்சு. மெர்சிங் பக்கத்துத் தீவில் ஒரு குகை, உள்ளே மஞ்சள் பூசிய கல். சோழர் வைத்த லிங்கமாம். சுவரில் இருக்கும் கரி, சோழர் யாகத் தீயில் படிந்ததாம், அந்தத் தீதான் தீவின் மலைக்காட்டையே எரித்ததாம். பின்பக்கம் கடாரம் வரைக்கும் சுரங்கமாம். நான் சந்தேகப்பட்டதற்கு, "உனக்கு வரலாறு தெரியாது, சும்மா இரு" என்று அண்ணன் எல்லார் முன்னாலும் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் படகில் கூட்டிப்போய்ப் பூசை போடுவாராம்.

சாயங்காலம் என் போனில் பழைய படம் ஒன்று கிடைத்தது. போன வருடம் குடும்பத்தோடு ஒரு தீவுக்குப் பிக்னிக் போனபோது மழைக்கு ஒதுங்கிய குகை. புது இடத்தில் சாமி கும்பிடாமல் அடுப்பு மூட்டக் கூடாது என்று அம்மா ஒரு கல்லை நிறுத்தி, மீனுக்குத் தடவ வைத்திருந்த மஞ்சளைப் பூசினார். வீடியோவில் இருக்கும் அதே கல், அதே சுவர். நடுவில் கெம்போங் மீனுக்குக் கரி விசிறிக்கொண்டு அண்ணன்.

குழுவில் போட்டேன். பார்த்த கையோடு அண்ணன் தன் வீடியோவை அழித்துவிட்டார்.

அம்மாவிடம் காட்டினேன். "நாம வச்ச சாமியா? ஒரு வருஷமா யாரும் வெளக்கு ஏத்தலயே லா. கட்டாயம் போவணும்."

ஆக, ஞாயிற்றுக்கிழமைப் படகுப் பயணம் நிற்கவில்லை. போகட்டும். இந்த முறை அங்கே வரலாறு சொல்லப்போவது நான்.