நாலு ஜாய்ஸ்டிக் சொருகும் பெட்டி

மாப்ளே,

பாபநாசம் நெல் கொள்முதல் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். முந்தின நாள் மழையில் நனைந்த குறுவை நெல். புளித்த வாடை மூக்கில் ஏறியது. ஒரு பிடி நெல்லை ஈரம் பார்க்கும் மெஷினில் கொட்டும்போது போன் அடித்தது. நாம் இருவரும் எழுதிக்கொண்டிருந்த இணையக் கலைக்களஞ்சியத்திலிருந்து அறிவிப்பு. உன் கட்டுரையை நீக்கச் சொல்லி யாரோ புதியவர் வேண்டுகோள் வைத்திருக்கிறார். உனக்கே எழுதியிருக்கிறார்: "வணக்கம். தாங்கள் ஒரு வாரத்துக்குள் தக்க சான்றுகளைச் சேர்க்க வேண்டுகிறேன்."

நீ மவுத்தானது அவருக்கு எப்படித் தெரியும், பாவம். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த மூட்டையைப் பிரிக்கச் சொன்னேன்.

எனக்கு எல்லாமே இப்படித்தான் ஆகிவிட்டது. பட்டுக்கோட்டை கபர்ஸ்தானில் உன்னை அடக்கம் செய்தபோது மூன்று பிடி மண் போடச் சொன்னார்கள், போட்டேன். பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். குளித்தேன், சாப்பிட்டேன், தூங்கியும் விட்டேன். அழுகை இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று பார்த்தேன். வரவே இல்லை.

எங்கள் ஊர் வாய்க்காலைப் பற்றி நான் எழுதிய முதல் கட்டுரையை நீக்கியவனே நீதான். அப்போது நீ யாரென்று எனக்குத் தெரியாது. கொதித்துப்போய் நம்பர் தேடிப் பிடித்துத் திட்டினேன். நீ நிதானமாகச் சொன்னாய்: "நீங்க அதுல குளிச்சதெல்லாம் சான்று ஆகாதுங்க. அச்சுல வந்திருந்தா காட்டுங்க, நானே திரும்பப் போடுறேன்." பேச்சு வளர்ந்ததில்தான் தெரிந்தது, நீ வளைகுடாவிலிருந்து திரும்பிப் பட்டுக்கோட்டையில் செல்போன் கடை போட்டவன் என்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தோம். டீ முடிவதற்குள் 'ங்க' போய் 'டா' வந்துவிட்டது.

அப்பேர்ப்பட்ட கறார் பேர்வழி நீ, ஒருநாள், இப்போது நீக்கச் சொல்கிறார்களே, அந்தக் கட்டுரையைப் போட்டாய். பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றோடு சேர்த்து மாட்டும் துணைப் பெட்டி. கேம் பெட்டியில் இரண்டு ஜாய்ஸ்டிக்தான் சொருக முடியும். இதை மாட்டினால் நாலு. அவ்வளவுதான் அதன் ஜாதகம். உன் இடது கையில் அதை வைத்து நீயே எடுத்த படம் ஒன்று. சான்று என்று ஒரு வரி கிடையாது. விடுவேனா நான்? அன்று சாயங்காலமே நீக்கல் வேண்டுகோள் வைத்தேன்.

அடேயப்பா, என்ன சண்டை! கட்டுரையைப் பற்றி வாதாடுவதற்கென்றே இருக்கும் பேச்சுப் பக்கத்தில் நாம் பேசிய தமிழைப் பார்த்தால் நமக்கே சிரிப்பு வரும். "தங்கள் கருத்தோடு முற்றிலும் முரண்படுகிறேன்" என்று எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தட்டச்சு செய்தாய், என் காசில் வாங்கிய வாழைக்காய் பஜ்ஜியைத் தின்றுகொண்டே. "தாங்கள் விதிகளைத் தங்களுக்கு மட்டும் வளைப்பது வருந்தத்தக்கது" என்று நான் அடித்தேன். பாவம், யாரோ ஒரு நல்ல மனிதர் நடுவில் புகுந்து, இருவரும் தனிப்பட்ட பகையை மறந்து அமைதி காக்கும்படி கேட்டுக்கொண்டார். நீ சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

"நெல்லுக்கு ஈரம் பாக்குற மாதிரியே கட்டுரைக்கும் பாக்குறியேடா. கொஞ்சம் காயவிட்டா சரியாப் போயிடும்டா" என்றாய். முடிவு எட்டாமல் வாதம் அப்படியே கிடந்தது. கட்டுரை பிழைத்தது.

இப்போது அந்தப் புதியவர் கொடுத்த ஒரு வாரம் தவணை இருந்தது. இந்தத் தடவை உன் பக்கம் நிற்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நம்பு. தமிழில் தேடினேன், ஆங்கிலத்தில் தேடினேன். விற்கிற பக்கங்கள்தான் வந்தன. யாரும் அதைப் பற்றி உட்கார்ந்து எழுதவில்லை.

உன் மனைவிக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கத்தை அடிக்கடி திறந்து பார்ப்பதாக முன்பு ஒருமுறை சொல்லியிருந்தார். படத்தில் உன் கை இருக்கிறதல்லவா, அதற்காக. விஷயத்தைச் சொன்னேன்.

"படமும் போயிடுமா அண்ணே?"

"படம் வேற இடத்துல இருக்கும்மா. அது போகாது. கட்டுரைதான் போகும்."

"சரிண்ணே. ரூல்னா ரூல்தானே. மத்தவங்களோடத இவங்களே எடுத்திருக்காங்கள்ல?" என்றார். பிறகு அவராகவே சொன்னார்: "அங்க வெளிநாட்டுல ரூம்ல இவங்களோட சேத்து நாலு பேரு. எல்லாரும் நம்ம பக்கத்து ஆளுங்கதான், பேராவூரணி, பட்டுக்கோட்டைன்னு. வெள்ளிக்கிழமை லீவு. கேம் பெட்டியில ரெண்டு பேரு ஆடுனா, மத்த ரெண்டு பேரும் சுவத்தைப் பாத்து படுத்துட்டு வீட்டை நெனைச்சு அழுவாங்களாம். அந்தச் சின்னப் பெட்டி வந்தப்புறந்தான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையா இருந்துச்சுன்னு சொல்லுவாங்க. உங்ககிட்டச் சொல்லலியாண்ணே?"

சொல்லவில்லையே, படுபாவி. அத்தனை வாதத்தில், அத்தனை டீயில், ஒரு வார்த்தை சொல்லவில்லையே. சொன்னால் நான் என்ன கேட்டிருப்பேன் என்று உனக்குத் தெரியும். 'அச்சுல வந்திருக்கா?' நீயே எனக்குச் சொல்லிக்கொடுத்த கேள்விதானே அது.

அன்றைக்கே பேச்சுப் பக்கத்தில் எழுதினேன்: "தக்க சான்றுகள் கிடைக்கவில்லை. நீக்கலாம்." வேறு எதை எழுதியிருந்தாலும் நீயே என்னைக் கேலி செய்திருப்பாய். எழுதி முடித்துவிட்டுப் பழக்கதோஷத்தில் பதிலுக்குக் காத்திருந்தேன். தவணை முடிந்தது. "மாற்றுக் கருத்து எதுவும் வராததால் நீக்கப்படுகிறது" என்று நிர்வாகி எழுதி மூடிவிட்டார். உன்னோடு வாதாடி நான் ஜெயித்தது இது ஒன்றுதான். சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை. மறுநாள் காலையில் நிலையத்துக்குப் போய் மூட்டைகளைப் பிரிக்கச் சொன்னேன்.

ஒன்று மட்டும் என்னோடு தங்கிவிட்டது. எங்கேயோ ஒரு அறையில், ஒரு வெள்ளிக்கிழமை, நாலு பேர் சேர்ந்து ஆடினார்கள். அன்று ஒருவரும் அழவில்லை. இது அச்சில் வந்ததில்லை. சான்று கேட்காமல் நான் நம்பிய முதல் செய்தி இதுதான், மாப்ளே.