வொலிகாரர் இத்தாலியில் இருக்கிறார்

04.08.2025, திங்கள்

மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். றிபாத்தின் மூத்த சகோதரி ராத்தா கேட்கவில்லை. பௌர்ணமிப் போயா விடுமுறையோடு பொத்துவில் பக்கம் இரண்டு நாள் போய் வரலாமாம். இரண்டு வீட்டாரும் பழகவாம். எனக்கும் றிபாத்துக்கும் கல்யாணக் காவின் எழுத இந்த மாதக் கடைசியில் நாள் குறித்தாயிற்று. இனி என்ன பழக்கம்?

உம்மாவின் முகம் செத்துப்போனது. என் அண்ணன் சாலிஹ் காக்கா இத்தாலியில் இருக்கிறார் என்று சொல்லித்தான் இந்தச் சம்பந்தமே வந்தது. காக்கா இருப்பது பொத்துவிலை ஒட்டிய அறுகம்பையில், ஏதோ ஒரு சாப்பாட்டுக் கடையில்.

07.08.2025, வியாழன்

எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் இந்தப் பொய் எனக்கே மெய்யாகிவிடும்.

காக்கா இத்தாலிக்குப் புறப்பட்டது உண்மை. ஏஜென்சிக்காரன் துருக்கியில் விட்டுவிட்டு ஓடிவிட்டான். நாலு மாதத்தில் திரும்பி வந்தார். அதற்குள் உம்மா எங்கள் ஊர் நற்பிட்டிமுனை முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். "கொஞ்சக் காலம் ஊர்ப்பக்கம் வராதீங்க மகன்," என்று ஃபோனில் அழுதார். வந்தால் என்ன? ஆள் கொலையா செய்தார்?

வாப்பா மவுத்தான பிறகு என் வொலிகாரர் காக்காதான். காவின் சபையில் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து என்னைக் கொடுக்க வேண்டியவர் அவர். அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார் ஜவுபர் மாமா. உம்மாவின் தம்பி, இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர். "இத்தாலியில இரிந்து அனுப்பின மாதிரி ஒரு கடிதம். பொறுப்ப எனக்குத் தந்திரிக்கார் எண்டு. நான் கையப் புடிச்சுக் குடுக்கிறன். முடிஞ்சிது."

முடியவில்லை. ஊரில் எல்லா மாப்பிள்ளைகளையும் போல றிபாத்தும் காவினுக்குப் பிறகு எங்கள் வீட்டில்தான் குடியிருப்பார். அப்படியென்றால் காக்கா இந்த வீட்டுக்குள் எப்போது வருவது? கேட்டேன்.

"வாய மூடு புள்ள," என்றார் மாமா.

காக்காவுக்கு ஃபோன் எடுத்தேன். "நான் சோத்துக் கடையில இல்ல, ஆரும் காண மாட்டாங்க. பயப்படாம வந்துட்டுப் போங்க," என்றார். எந்தக் கடை என்று கேட்காமல் வைத்துவிட்டேன். முட்டாள்.

09.08.2025, சனி

வரிசையாக எழுத வேண்டும்.

பகல் முழுக்க உம்மா சோற்றுக் கடை எதையாவது கண்டாலே முக்காட்டை முகம்வரை இழுத்துவிட்டார். பின்னேரம் ராத்தா, "சோறு நாம வீட்டிலயும் திங்கலாம். இத்தாலிச் சாப்பாடு திம்பம்," என்றார். உம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்தக் கடையில் அடுப்பு பின்னால் இல்லை. கடைக்கு நடுவில். வெள்ளைக்காரர் பார்க்கத்தான் அப்படிக் கட்டுவார்களாம். அடுப்புக்கு முன்னால் நின்று பீட்சா மாவைத் தட்டிக்கொண்டிருந்தது காக்கா.

எங்களைக் கண்டார். குனிந்துகொண்டார். தட்டுவதை நிறுத்தவில்லை.

"மாமி, ஒங்கட மகனுக்கு அங்க நாள் முழுக்க இதுதானே சாப்பாடு?" ராத்தா கேட்டார்.

"ஓம் மகள். சோறு கிடைக்கிதில்ல எண்டுதான் அழுவார்." உம்மா. கண் இமைக்காமல்.

மெனுவில் பன்றி இறைச்சி இருந்ததை றிபாத் பார்த்துவிட்டார். கையைத் தட்டி, "இஞ்ச வா," என்றார். காக்காவை. தன்னைவிட மூத்தவரை.

"நீ முஸ்லிமா?"

"ஓம்."

"எந்த ஊர்?"

"பொத்துவில்தான்."

"பண்டி தொட்ட கையாலதான் எங்களுக்கும் மா குழைக்கிறயா?"

"அது வேற மேச, வேற ஆள், சேர். நான் மா மட்டும்தான்."

"கையக் காட்டு."

காட்டினார். இரண்டு கையையும் விரித்து. மணிக்கட்டில் அடுப்புச் சூட்டுத் தழும்பு. றிபாத் முகர்ந்து பார்க்காத குறை. "சரி, போ. கழுவிட்டுச் செய்."

மாமா ஃபோனைப் பார்த்தார். உம்மா தண்ணீர் குடித்தார். நான்? ஊரில் எல்லாரையும் வாய்க்கு வந்தபடி பேசுகிறவள் — வாயே திறக்கவில்லை.

காக்காவே கொண்டுவந்து வைத்தார். "வேற என்ன வேணும் மெடம்?"

"ஒண்டும் வேணா தம்பி," என்றார் உம்மா.

தம்பி!

தின்றேன். ருசியாக இருந்தது. அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

10.08.2025, ஞாயிறு

திரும்பி வந்தோம். வேனில் ராத்தா மட்டும் பேசினார்.

12.08.2025, செவ்வாய்

றிபாத்துக்கு ஃபோன் எடுத்துச் சொல்லிவிட்டேன். "நீங்க கையக் காட்டச் சொன்னீங்களே, அவர்தான் என்ட காக்கா. என்ட வொலிகாரர்."

"யோசிச்சுச் சொல்றன்," என்றார்.

உம்மா கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடிக்கவில்லை.

15.08.2025, வெள்ளி

ஜும்மாவுக்குப் பிறகு றிபாத் ஃபோன் எடுத்தார். சம்மதமாம். கோபமில்லையாம். "உண்மையச் சொன்னது எனக்குப் புடிச்சிரிக்கி. ஆனா ராத்தாக்குத் தெரிய வேணா. சபைக்கு நான் வேல செய்ற கந்தோர் ஆக்கள் வருவாங்க. மாமாட கடிதமே இரிக்கட்டும்."

"பாத்தியா, எவ்வளவு நல்ல புள்ள!" மாமா துள்ளினார்.

காக்காவின் கையைப் பற்றி ஒரு வார்த்தை? இல்லை. அந்தக் கையைச் சபையில் பிடிக்காமல் தப்பிக்க வழி கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

எனக்கு இருபத்தெட்டு. இதை விட்டால் வேறு வராது என்கிறார் உம்மா. வராமலும் போகலாம். எனக்கும் பயம்தான்.

கடிதத்துக்குக் காக்காவின் ஒப்பம் வேண்டும். அடுத்த வெள்ளி வரச் சொல்லியிருக்கிறார் மாமா. பின் வாசலால்.

19.08.2025, செவ்வாய்

ராத்தா காவின் சாரி கொண்டுவந்தார். சிவப்பு. அழகாகத்தான் இருக்கிறது.

22.08.2025, வெள்ளி

காக்கா முன் வாசலால் வந்தார். சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, கண்டவர்களுக்கெல்லாம் சலாம் சொல்லிக்கொண்டு, தெரு முழுக்க நடந்து.

மாமா கடிதத்தை மேசையில் விரித்துப் பேனையை நீட்டினார். "இதில ஒப்பம் வைங்க. ஊர் மிலான் எண்டு போட்டிரிக்கன்."

காக்கா பேனையை வாங்கவில்லை. "வொலிகாரர் முதல்ல ஒண்டு கேக்கணும்தானே மாமா," என்றவர் என் பக்கம் திரும்பினார். "றஸ்னா, இந்த மாப்பிள ஒனக்குப் பொருத்தமா?"

ஆறு மாதமாக இந்தச் சம்பந்தம் பேசுகிறார்கள். ஒருவரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.

"இல்ல காக்கா."

மாமா கத்தினார். என்னையும், காக்காவையும், மவுத்தான வாப்பாவையும் சேர்த்துக் கத்தினார். உம்மா எழுந்து குசினிக்குள் போனார். அழப் போகிறார் என்று நினைத்தேன்.

தேத்தண்ணியோடு வந்தார். மேசையில் இடம் இருந்தது. கோப்பையைக் கடிதத்தின் மேல்தான் வைத்தார்.

"குடிங்க மகன். சீனி கூடப் போட்டிரிக்கன்."