நான்காம் எண்ணைப் பழைய இடத்திலேயே வைக்கக் கோரி

அனுப்புநர்:
முனைவர் ஹெர்மினியா பதில்லா உரேன்யா,
வைரஸ் ஆய்வாளர்,
பீன்ஸ் பயிர் ஆய்வு நிலையம்,
அலஹுவேலா.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
ஆய்வாளர் கணினி வலையகம்,
சான் ஹோசே.

பொருள்: வலையகக் கணினியின் மெனுவில் எண்கள் மாற்றப்பட்டதும், அதனால் அறுபத்து மூன்று கோப்புகள் அழிந்ததும் – பழைய எண்களைத் திரும்பத் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது மனு, நாள் 3.10.1996.
2. எனது மனு, நாள் 14.10.1996.
3. இரண்டுக்கும் சேர்த்துத் தங்கள் அலுவலகம் அனுப்பிய ஒரு வரிப் பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது என் மூன்றாவது மனு. முதல் இரண்டையும் பணிவாக எழுதினேன். இதையும் அப்படியே எழுத முயல்கிறேன். எங்காவது பணிவு குறைந்தால் பொறுத்தருள வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் செய்துவரும் வேலையை இனியும் செய்ய முடியுமா என்பது தங்கள் முடிவில் இருக்கிறது.

1. உபாலா பக்கத்து வயல்களில் பீன்ஸ் இலைகள் மஞ்சளாகி, காய் பிடிக்காமல் போகின்றன. எந்த வைரஸ் என்று தெரிந்தால்தான் எந்த விதையைக் கொடுப்பது என்று சொல்ல முடியும். அதற்காக வைரஸின் மரபணு வரிசையை எக்ஸ்ரே படத்தாளில் எடுக்கிறோம். தாளில் வரிசையாகக் கோடுகள் இருக்கும். கோட்டுக்கு ஓர் எழுத்து. ஒருவர் படத்தை விளக்குப் பெட்டிமேல் வைத்து எழுத்துகளைச் சத்தமாக வாசிப்பார், மற்றவர் கணினியில் தட்டுவார். மணிக்கொரு முறை ஆள் மாறுவது நிலையத்து வழக்கம். என் ஆய்வக உதவியாளர் யோர்லேனி கிரோஸ் மட்டும் மூன்று ஆண்டுகளாக மாறச் சொன்னதே இல்லை. வாசிப்பது அவர், தட்டுவது நான்.

2. தட்டியதைத் தொலைபேசிக் கம்பி வழியாகத் தங்கள் பெரிய கணினிக்கு அனுப்பி, அங்குள்ள வைரஸ்களோடு ஒப்பிடுகிறோம். கணினிக் கட்டளைகள் எங்களுக்குத் தெரியாது. தெரியத் தேவையில்லை என்றுதான் தங்களிடம் முன்பு பணிபுரிந்த திரு. பெர்னால் ஆறு ஆண்டுகளுக்கு முன் அந்த மெனுவைச் செய்து கொடுத்தார். 4 என்றால் ஒப்பிடு. அதற்குள் 2 என்றால் புதிய கோப்புகள் எல்லாம். பிறகு 1, அதாவது ஆம். பிற்பகல் மழையில் கம்பி நனைந்தால் மெனு எங்கள் திரைக்கு வந்து சேர ஐந்து நிமிடம் ஆகும். அதற்காக எவரும் காத்திருப்பதில்லை. 4, 2, 1 என்று முன்கூட்டியே அமுக்கிவிட்டு மூன்று மணிக் காப்பிக்குப் போய்விடுவோம்; மெனு வந்ததும் கணினி அந்த எண்களை வாங்கிக்கொள்ளும். நான் மட்டுமல்ல, நிலையத்தின் பதினொரு ஆய்வாளர்களும் இப்படித்தான்.

3. செப்டம்பர் 30, திங்கட்கிழமை, தங்கள் பயனர் பிரிவின் புதிய பொறுப்பாளர் திரு. ஒல்தேமார் அந்த மெனுவை அகரவரிசைப்படி அடுக்கிவைத்தார். ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது 4 என்றால் அழி. 2 என்றால் முழுவதும். 1 மட்டும் மாறவில்லை, இன்றும் ஆம்தான். அன்று நான் காப்பி குடித்துவிட்டு வந்தபோது மூன்று மாத உழைப்பு போயிருந்தது. அன்று எல்லோருக்கும் முன்னால் அமுக்கியது என் விரல்தான், மறுக்கவில்லை. நகல் நாடாவிலிருந்து மீட்டுத் தாருங்கள் என்று கேட்டேன். மெனுவை மாற்றும் வேலை நடந்ததால் அந்தக் காலாண்டுக்கான நாடாவை எடுக்கவில்லை என்றார்கள். இதற்குமேல் பணிவாக எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

4. திரு. ஒல்தேமாரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் சொன்னதைச் சொல் மாறாமல் தருகிறேன்: “டாக்டர், ஸ்க்ரீனப் பாத்துட்டு அமுக்குங்க. இது என்ன பியானோவா, கண்ண மூடிக்கிட்டு வாசிக்க?” பக்கத்தில் யாரோ சிரித்ததும் கேட்டது. பழைய வரிசையைத் திரும்பக் கேட்டதற்கு, “அகரவரிசைல தேடுறது சுலபம் டாக்டர், பழகிடும்” என்றார். தேடுகிறவர்களுக்குச் சுலபம்தான். ஐயா, நாங்கள் ஆறு ஆண்டுகளாக அந்த மெனுவில் எதையும் தேடியதில்லை.

5. பழைய மெனுவில் 6ஆம் எண் ஒன்று இருந்தது: முடிவைப் பெரிய எழுத்தில் அச்சிடு. அதை எடுத்தே விட்டார்கள். காரணம் கேட்டபோது, “ஒரே ஒருத்தர்தான் அத யூஸ் பண்றாங்க, கணக்கெடுத்துப் பாத்தோம்” என்றார். அந்த ஒருத்தர் நான்.

6. என் இரண்டு மனுக்களுக்கும் தங்கள் அலுவலகம் அனுப்பிய பதில் இது: ‘திரையைப் பார்த்துத் தேர்வு செய்யவும்.’ ஐயா, என்னால் திரையைப் பார்க்க முடியாது. நான்கு ஆண்டுகளாக என் இரு கண்களிலும் நடுப்பார்வை இல்லை. ஓரத்தில் மட்டும் தெரிகிறது: ஆளின் தோள், கோப்பையின் காது, பெரிதாக அச்சிட்ட எழுத்து. வைத்தியம் கிடையாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இதை நான் எவரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மறுநாளே பதிவேட்டு அறையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயந்தேன், இப்போதும் பயப்படுகிறேன். காதில் விழுவதைத் தட்டுவதும், எண்களை அமுக்குவதும், பெரிய எழுத்தை ஓரக்கண்ணால் படிப்பதுமாக இந்த நான்கு ஆண்டுகளில் மூன்று வைரஸ்களை அடையாளம் காட்டியிருக்கிறேன். புதிய எண்களை மனப்பாடம் செய்யலாம்; ஆனால் அகரவரிசையில் இன்னொரு வரி சேர்ந்தால் எண்கள் மறுபடி நகரும், அது என் கண்ணுக்குத் தெரியாது. வேறு யாராவது எனக்காக அமுக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். அமுக்கலாம், வாசிக்கலாம், தட்டலாம். பிறகு அங்கே எனக்கு என்ன வேலை?

7. இம்மனுவை நான் சொல்லச் சொல்ல யோர்லேனி தட்டச்சு செய்கிறார். ஆறாம் பத்தியில் தட்டும் சத்தம் நின்றது. அழுகிறாரோ என்று நினைத்தேன். இல்லை. அவர் சொன்னதையும் இங்கே சேர்க்கும்படி நான்தான் சொன்னேன்: “டாக்டரம்மா, எனக்கு மூணு வருஷமா தெரியும். ஆள் மாறலாம்னு நான் என்னைக்காவது சொன்னேனா? மேல சொல்லுங்க, தட்டணும்.” அழிந்தவற்றில் பத்தொன்பது கோப்புகளைப் படத்தாள்களிலிருந்து மீண்டும் வாசித்துத் தந்துவிட்டார். தொண்டை கட்டிப்போய், தேன் கலந்த வெந்நீரைக் குடித்துக்கொண்டே வாசிக்கிறார். மீதி நாற்பத்து நான்கையும் நவம்பர் 10க்குள் முடித்துவிடுவோம். விதையை முடிவு செய்யும் கூட்டம் 15ஆம் தேதி.

ஆகவே, கோப்புகளை ஒப்பிட்டு முடிக்க ஏதுவாக, நவம்பர் 10ஆம் தேதிக்குள் 4, 2, 1 ஆகிய எண்களைப் பழையபடியும், 6ஆம் எண்ணை அதன் பெரிய எழுத்தோடும் திரும்பத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அகரவரிசை மெனு வேண்டுவோருக்கு அதுவும் இருக்கட்டும். எனக்கு அதில் வருத்தமில்லை. இம்முறையும் அந்த ஒரு வரியையே அனுப்புவதாக இருந்தால் ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். அதை யோர்லேனிதான் எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். அவர் தொண்டை ஏற்கெனவே கட்டியிருக்கிறது.

இடம்: அலஹுவேலா
நாள்: 23.10.1996

இப்படிக்கு,
ஹெர்மினியா பதில்லா உரேன்யா
(கையொப்பம், யோர்லேனி விரல் வைத்துக் காட்டிய இடத்தில்)

நகல்: எங்கள் நிலையத் தலைவர் அவர்களுக்கு. ஆறாம் பத்தியை அவரும் படிக்கட்டும்.