உள்ளங்கையில் சீனி

என் செல்லத் தம்பி ராசுவுக்கு,

அப்பாவுக்குப் படையல் போட்ட அன்று, வாழையிலையையே பார்த்துக்கொண்டிருந்த நீ கேட்டாய்: "அக்கா, செத்தவங்களுக்குப் பசிக்குமா?" ரயில் போன பிறகும் தண்டவாளம் கொஞ்ச நேரம் அதிரும் இல்லையா, பசியும் அப்படித்தான் என்றேன். இலங்கை மலைநாட்டில், றொசல்ல ஸ்டேஷன் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த உதாரணம் போதுமாக இருந்தது. எனக்குத்தான் இப்போது போதவில்லை.

நீ அயர்லாந்தில் கண்ணை மூடினாய். அங்கேயே உன்னை எரித்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் இங்கே உனக்குச் சோறு வைத்தேன். பருப்பு, உளுந்து வடை, விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல் பாலும் சீனியும் கலக்கிய தேநீர். காகம் கூரையில் வந்து உட்காரும், இறங்காது. காகம் தொடாவிட்டால் போனவருக்கு ஏதோ மனக்குறை என்று நம் ஆட்கள் சொல்வார்களே.

"ஒங்க தம்பி வெள்ளக்காரன் சாப்பாட்டுக்குப் பழகிட்டாரு டீச்சர்!" என்று பக்கத்து வீட்டு மாரியக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதனால்தான் டப்ளினில் இருக்கும் என் மகள் கவிதா கூப்பிட்டதும் போனேன். ஹோட்டல் சமையல்காரன் நீ. லீவு நாளில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு போனில் எனக்குச் சொன்ன இடங்களைத் தேடிப் போனோம். கோர்க் நகரத்துச் சந்தையின் மாடியில் ஆட்டிறைச்சி ஸ்டூ. கோல்வே துறைமுகத்தில் பால் சேர்த்த மீன் சூப். "ஜன்னலோர மேசையைக் கேளுங்கக்கா, கடல் தட்டுக்குள்ளயே வந்துரும்" என்றாயே, அதே மேசைதான் கிடைத்தது. நல்ல இடங்கள்தான், தம்பி. கனமான பழுப்புப் பாண் துண்டுகளில் வெண்ணெயைத் தாராளமாகத் தடவித் தந்தார்கள். தேநீர்கூட நம் தோட்டத்துத் தேயிலைபோலச் சாயம் இறங்கியிருந்தது.

ஆனால் இரண்டு ஊரிலும் மேசையில் மூன்று கரண்டி வைத்தார்கள். நாங்கள் இருவர்.

"மாமாவும் வந்திருக்காரு போலம்மா. பில்லை அவருகிட்டயே குடுக்கச் சொல்வோமா?" கோர்க்கில் இப்படிக் கேலி செய்த கவிதா, கோல்வேயில் அந்த மூன்றாவது கரண்டியை மெதுவாக ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

பிறகு டிங்கிள் என்ற கடற்கரை ஊர். மேட்டில் மஞ்சள் கதவு வைத்த வீடு; அறையும் கொடுத்துக் காலைச் சாப்பாடும் போடுவார்கள். "அங்க படுத்தா நம்ம வீட்ல படுத்த மாதிரி" என்று நீ சொன்னது சரி. அதே பனி, அதே ஈரக் கம்பளி வாசனை.

காலையில் மேசையில் மூன்றாவது கோப்பை ஒன்று காலியாக இருந்தது. வீட்டுக்கார அம்மா ஏதோ சொன்னாள். கவிதாவின் முகம் வெளுத்துவிட்டது.

"என்னடி?"

"நம்மகூட வந்தவரு விடியவே எறங்கிப் போயிட்டாராம்மா. சாப்பாடு வேணாமாம், பால் இல்லாத பிளேன்டீ மட்டும் போதும்னாராம்." காலிக் கோப்பையைக் காட்டினாள். "சீனியைக் கோப்பையில போடலையாம். உள்ளங்கையில கொட்டி, நக்கி நக்கிக் குடிச்சாராம். இப்படி யாரும் குடிச்சு அந்தம்மா பாத்ததே இல்லையாம்."

நீ முன்பு தங்கியதை நினைத்துச் சொல்கிறாளா என்று விசாரித்தேன். அவள் அந்த வீட்டை வாங்கியதே நீ கண்ணை மூடிய பிறகுதான். கோப்பையைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் சூடு இருந்தது.

தோட்டத்து லயத்து வீட்டில் நாம் எல்லோரும் அப்படித்தானே குடித்தோம்? அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகுமுன் நம் கையில் கொட்டிய சீனிதானே உனக்குப் பிடித்தது? வீட்டுப் பிள்ளைக்கு நான் விருந்தாளித் தேநீரை அல்லவா வைத்திருக்கிறேன்!

ஊர் திரும்பினேன். நேற்று அமாவாசை. இலையோரம் பிளேன்டீ வைத்தேன். சீனியை என் உள்ளங்கையில் கொட்டி, நீட்டியபடி கண்ணை மூடிக்கொண்டேன். ரயில் வரும் நேரமில்லை. ஆனாலும் தண்டவாளம் அதிர்ந்தது.

கண்ணைத் திறந்தபோது கையில் சீனி இல்லை, ஈரம்தான் இருந்தது. காகம் அப்போதும் கூரையில்தான் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகுதான் இறங்கி வந்து சோற்றைத் தொட்டது.

நீதானே, ராசு? அந்தக் கையை நான் இன்னும் கழுவவில்லை.

இனி ஒரு அமாவாசைக்கும் உன் தேநீரில் சீனி கலக்கமாட்டேன். இது சத்தியம்.

இதைப் படிக்கிறவர்களே, உங்கள் வீட்டில் போனவருக்கு, அவர் குடித்த விதத்திலேயே ஒரு தேநீர் வைத்துப் பாருங்கள். கண்ணை மட்டும் சீக்கிரம் திறந்துவிடாதீர்கள்.

உன்னை இடுப்பில் சுமந்து திரிந்த,
உன் அக்கா