டேஞ்சர் யார் கையில் இருந்தது

என் செல்லத் தம்பி தேவாவுக்கு,

உன்னைக் கொன்றது ஃபேக்டரி ஜெனரேட்டர். அதை உன் அஜாக்கிரதை என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டார்கள். கம்பத்தில் டேஞ்சர் போர்டு நன்றாகத் தெரிந்தும் அதை மதிக்காமல் ஏறினாயாம். இதுதான் உனக்கு நடந்த அநியாயம். இதைச் சொல்லாமல் வேறு எதையும் பேச எனக்கு மனம் வரவில்லை.

நீ லைன்மேன். அந்த போர்டு மாட்டிய கம்பத்தில் ஏறுவதுதான் உன் வேலை. போர்டைப் பார்த்துத் திரும்பிப் போகிறவனை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? ரிப்போர்ட் எழுதிய கரண்ட் ஆபீஸ் இன்ஜினியர் ஏஇ-யிடம் இதைத்தான் கேட்டேன். "மீரு பெத்தவாரம்மா, நேனேமி செப்பலேனு" என்றார். நான் பெரியவளாம், அவரால் ஒன்றும் சொல்ல முடியாதாம். நான் பெரியவள் என்று ஒப்புக்கொண்டாரே, அதுவரைக்கும் சரி.

நடந்தது உனக்குத் தெரியும். இதைப் படிக்கிறவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மாங்காய் சீசன். காற்றில் கிளை முறிந்து, பாகாலா பக்கம் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போகும் லைன் மேல் விழுந்தது. ஃபேக்டரி வாசலில் தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாக நின்றன, பழம் கசிய ஆரம்பித்திருந்தது. நீ ஸ்விட்சை இறக்கி, லைனில் கரண்ட் இல்லை, ஏறலாம் என்று ஆபீசில் லைன் கிளியர் வாங்கினாய். தப்பி வருகிற கரண்டைத் தரைக்கு இறக்கி லைனை எர்த் செய்கிற ராடு உன் காண்ட்ராக்டரிடம் ஒன்றே ஒன்றுதான், அது வேறு கேங்கோடு போயிருந்தது. அதனால் மாங்காய் சீசனில் நம்ம பக்கத்து லைன்மேன்கள் எல்லாரும் செய்வதை நீயும் செய்தாய். ஜெனரேட்டர் வைத்திருக்கிறவருக்கு போன் போட்டாய். "நான் மேல ஏறுறேன். எறங்கிட்டு போன் பண்றேன், அதுவரிக்கும் ஜெனரேட்டர் போடாதீங்கண்ணா" என்றாய். அந்தப் பக்கம் போனை எடுத்த ஃபேக்டரி சூப்பர்வைசர், "சரே சரே, தொந்தரகா கானி" என்றார். சீக்கிரம் ஆகட்டும் என்று.

அந்தச் "சரே"யை நம்பித்தான் நீ ஏறினாய். உள்ளே யாருக்கோ பொறுக்கவில்லை, ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார்கள். ஃபேக்டரிக்குள்ளேயே நிற்க வேண்டிய கரண்ட், அதைத் தடுக்கிற சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாததால், வெளியே லைனுக்கு வந்தது. உன்னிடம் வந்தது.

அந்த ஜெனரேட்டர் சத்தம் மேலே உனக்குக் கேட்டதா தேவா? கேட்டு, இறங்க நினைத்தாயா?

ரிப்போர்ட்டில் இருந்த டேஞ்சர் என்ற அந்த ஒரு வார்த்தையை என்னால் விட முடியவில்லை. நம் வீட்டில் அதை உன்னைப்போல் யார் சொன்னார்கள்? பெட்ரோல் தீர்ந்தால் "வண்டி டேஞ்சர்ல கீது" என்பாய். ஆஸ்பத்திரியிலிருந்து நைனாவைக் கூட்டி வந்தபோது, "டேஞ்சர் தாண்டிட்டாரு" என்று தெருவெல்லாம் சொன்னாய். உன் காண்ட்ராக்டரைப் பற்றிக் கேட்டால், "டேஞ்சர் பார்ட்டிக்கா" என்று சிரிப்பாய். பள்ளிக்கூடத்தில் படிக்கிறபோது டிரான்ஸ்ஃபார்மரில் ஆபத்து என்பதற்குத் தெலுங்கில் பிரமாதம் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, அதில் என்ன அவ்வளவு நல்லது இருக்கிறது என்று என்னைக் கேட்டவன் நீ.

தையல் மெஷினோடு வந்த புத்தகத்தை எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் படித்தவள் நான். சும்மா விடுவேனா? ரயிலேறித் திருப்பதிக்குப் போனேன். நர்சிங் படிக்கிற உன் மகள் ஜெனியைக் கூட்டிக்கொண்டு லைப்ரரிக்குப் போனேன்.

"அத்தே, போன்லயே பாக்கலாமே" என்றாள்.

"போன்ல நீ பாப்ப. நான் பாக்கணும்."

தலையணை கனத்துக்கு டிக்ஷனரி. சொல்லுக்கு அர்த்தம் போட்டு, அது எங்கிருந்து வந்தது என்றும் கீழே போட்டிருந்தது. டேஞ்சர், பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இங்கிலீஷுக்கு வந்த சொல்லாம். அதற்கும் முன்னால் லத்தீனில் எஜமான், பிரபு என்ற சொல்லிலிருந்து கிளம்பியிருக்கிறது. ஆரம்பத்தில் அதற்கு ஆபத்து என்ற அர்த்தமே இல்லை. எஜமானுக்கு மற்றவர் மேல் இருக்கிற அதிகாரம், அதுதான் அர்த்தம். ஒருவன் இன்னொருவனுடைய டேஞ்சரில் இருக்கிறான் என்றால், அவன் பிடியில் இருக்கிறான், அவன் நினைத்தால் இவனை என்னவும் செய்யலாம் என்று பொருள். ஆபத்து என்பதெல்லாம் பிறகு வந்து சேர்ந்தது.

புத்தகத்தை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"என்னத்தே ஆச்சி? தண்ணி குடிக்கிறியா?"

"இருடி. உங்கப்பனப் பத்திப் போட்டுகீது."

கம்பத்தில் தொங்கியது வெறும் தகரம். டேஞ்சர், ஜெனரேட்டர் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நின்றவன் கையில் இருந்தது. அதை மதித்துத்தான் நீ போனில் கேட்டுக்கொண்டு ஏறினாய். உன்னைப் போய் மதிக்காதவன் என்கிறார்கள்.

இன்னொன்றும் அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. கீழே கயிறு பிடித்துக்கொண்டிருந்த உன் கூட்டாளி முனிரத்னம், விசாரணையில் நீ போன் பேசியதைக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டான். நம் வீட்டுச் சோறு தின்றவன். அவன் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சமில்லை. மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன்.

"வாக்கா. காப்பி குடி."

"காப்பி இருக்கட்டும். தேவா போன்ல பேசினத நீ கேட்டியா இல்லியா?"

தலையைக் குனிந்துகொண்டான். "கயித்தப் புடிச்சிக்கினு அவன் காலாண்ட நின்னேன். எப்டிக்கா கேக்காம போவும்?"

"அப்போ ஏன் இல்லன்ன?"

"காண்ட்ராக்டரும் ஃபேக்டரிக்காரரும் மாமன் மச்சான். நாளிக்கு யாரு என்னிய வேலைக்குக் கூப்புடுவாங்க?"

உள்ளேயிருந்து அவன் மனைவி சொன்னாள்: "போனவருக்கு நியாயம் கேக்கறீங்க, சரிக்கா. கீறவர யாரு பாப்பாங்க?"

டிக்ஷனரியைப் பார்க்காமல் வந்திருந்தால் அவனைத் திட்டிவிட்டுத் திரும்பியிருப்பேன். அவனும் அந்தப் பழைய அர்த்தத்தில் காண்ட்ராக்டருடைய டேஞ்சரில்தானே இருக்கிறான்? காப்பியை வாங்கிக் குடித்தேன். "நீ தனியா சொல்ல வேணாம்டா. ஜெனரேட்டர் ஓடினது வேற யாருக்குக் கேட்டுது?" என்றேன்.

"டிராக்டர்காரங்க எல்லாருக்கும் கேட்டுதுக்கா. இனிமே நம்ம பழம் உள்ள போயிடும்னு சந்தோசப்பட்டாங்க."

பிறகு ஒவ்வொரு தோப்பாகப் போனேன். அடுத்த வருஷமும் அதே ஃபேக்டரிக்குத்தான் பழம் போட வேண்டும் என்று பலர் கதவைச் சாத்தினார்கள். சிலர், யாராவது முதலில் சொன்னால் நாங்களும் வருகிறோம் என்றார்கள். ஏகாம்பரம் என்று ஒரு மாந்தோப்புக்காரர் மட்டும் வெளியே வந்து நின்றார். "நான் சொல்றேம்மா. அன்னிக்கு அந்த சத்தத்துக்கு நான் விசில் அடிச்சேன். கம்பத்துல ஆள் கீறது தெரியாது" என்றார்.

வீட்டுச் செய்தியும் கேட்டுக்கொள். ஜெனி முதல் வருஷம் பாஸ். உன் வண்டியை யாருக்கும் கொடுக்கவில்லை. கரண்ட் போனால் உன் மனைவி செல்வி இப்போதெல்லாம் ஆபீசுக்கு போன் போடுவதில்லை. பக்கத்து வீட்டார் போட்டால்கூட, "இருங்க, யாராவது மேல ஏறிக்கினு இருப்பாங்க. அவசரப்படுத்தாதீங்க" என்கிறாள். வருகிறவரைக்கும் விசிறிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

ஆகவே செய்ய வேண்டியது இது. திங்கட்கிழமை சித்தூர் கலெக்டர் ஆபீசில் குறை கேட்கும்போது, ஏகாம்பரம் முதலில் பேச வேண்டும். யாராவது சொன்னால் வருகிறோம் என்றவர்கள் அவருக்குப் பின்னால் வந்து, தாங்கள் கேட்ட சத்தத்தைச் சொல்ல வேண்டும். அவ்வளவு பேர் சொன்ன பிறகு முனிரத்னம் சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் அவனை யாரும் இழுக்கக் கூடாது. அவன் வேலையில் கை வைக்கக் கூடாது என்று கலெக்டர் காண்ட்ராக்டருக்குச் சொல்ல வேண்டும். காண்ட்ராக்டர் ஒவ்வொரு கேங்குக்கும் ஒரு ராடு கொடுக்க வேண்டும். ஃபேக்டரிக்காரர் அடுத்த சீசனுக்கு முன்னால் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் வைக்க வேண்டும். ஏஇ ரிப்போர்ட்டில் அந்த அஜாக்கிரதை வரியை அடித்துவிட்டு, ஃபேக்டரியைக் கேட்டுக்கொண்டுதான் ஏறினார் என்று எழுத வேண்டும்.

அவர் எழுதுகிறவரைக்கும் நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன். இந்தத் திங்கள் ஆகவில்லை என்றால் அடுத்த திங்கள். முழங்கால்தான் தொந்தரவு செய்கிறது. மெதுவாகத்தான் போவேன். ஆனால் போகாமல் இருக்க மாட்டேன், இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன்னை மடியில் கிடத்திக்கொண்டு மெஷின் மிதித்த அக்கா,
ரூபி